குளிர்பெட்டிக்குள் ஒரு நூலகம்

எங்கள் செபக்கூட்டம் சனிக்கிழமை பின்னேரங்களில், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் ஆல்பனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சமூக மண்டபத்தில் நடக்கும். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த சில குடும்பங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒன்றிரண்டு குடும்பங்கள், அவ்வளவுதான் நாங்கள். காலையிலிருந்து நாங்கள் வரும்வரை அந்த மண்டபம் ரஷ்ய மொழி பேசுகிறவர்களிடம் இருக்கும்.

முதல் சில மாதங்கள் அவர்களை வாகனத் தரிப்பிடத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். அவர்கள் வெளியே வருவார்கள், நாங்கள் உள்ளே போவோம். ஒருவருக்கொருவர் தலையசைப்போம். எங்களுக்குள் "ரஷ்யாக்காரர்" என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு நாள் நான் நேரத்தோடு போய்விட்டேன். மழை பெய்ததால் வாசலில் ஒதுங்கி நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மண்டபத்தின் நடுவில் ஒரு சின்னப் பிள்ளை தனியாக நின்று ஏதோ பாட்டுச் சொன்னது. கையில் தாள் இல்லை. நாலு வரி, எட்டு வரி என்று முடியும் என நினைத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும் அடுத்த பிள்ளை வந்தது, அதற்குப் பிறகு இன்னொன்று. எல்லாம் இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள். வெளியே வந்து தங்களுக்குள் விளையாடும்போது எங்கள் பிள்ளைகளைப் போலவே கிவி ஆங்கிலம்தான். என் பிள்ளைகளிடம் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால் "யெஸ் அப்பா" என்பார்கள். அதற்கு மேல் தமிழ் வராது. அதனால்தானோ என்னவோ, அங்கே அப்படியே நின்றுவிட்டேன்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னைக் கண்டு உள்ளே கூப்பிட்டார். கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு பெரிய சட்டை. வீட்டில் பியானோ சொல்லிக்கொடுப்பவராம். சனிக்கிழமைகளில் இங்கே நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

"நூலகமா? எங்கே?" என்று கேட்டேன்.

"கீழே. வாருங்கள்."

அந்த மண்டபத்துக்குக் கீழே ஒரு அறை இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆர்மோனியமும் பாட்டுப் புத்தகங்களும் ஒரு மூலையில் அங்கேதான் இருந்தன. ஆனால் மறுபக்கத்துக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். நிலத்திலிருந்து கூரை வரை புத்தகங்கள். நாலு சுவரும் அப்படியே, நடுவிலும் இரண்டு வரிசை.

"யார் வாங்கினது?"

"யாரும் வாங்கவில்லை. எல்லாம் பெட்டிக்குள் வந்தது. ஒவ்வொரு குடும்பமும் குடிபெயர்ந்து வரும்போது கொண்டுவந்தது."

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது விமானத்தில் அனுமதித்த எடைக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று நானும் மனைவியும் பிடித்த சண்டை நினைவுக்கு வந்தது. மிளகாய்த்தூள் வென்றது. இவர்கள் அந்த எடைக்குள் கதைப் புத்தகங்களை வைத்திருக்கிறார்கள்.

"நீங்கள் ரஷ்யாவில் எந்த இடம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நான் கசகஸ்தான். பாட்டுக் குழு நடத்துகிறவர் உஸ்பெகிஸ்தான். சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறவர் லாட்வியா. உக்ரைன்காரரும் நிறையப் பேர் வந்தார்கள், இப்போது இல்லை. மொழிதான் ஒன்று."

அதற்குப் பிறகு நான் "ரஷ்யாக்காரர்" என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

அடுத்த கோடையில் வெள்ளம் வந்தது. ஒக்லாந்தில் இருந்தவர்களுக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை. வெஸ்ட்கேட்டில் எங்கள் தெரு தப்பியது, ஆனால் பக்கத்துத் தெருவில் கார்கள் மிதந்தன. மறுநாள் காலை மழை விட்டதும், செபக்கூட்டத்துச் சாமான்களைப் பார்க்க மண்டபத்துக்குப் போனேன். சில வீதிகள் மூடியிருந்ததால் சுற்றித்தான் போகவேண்டி இருந்தது.

பியானோக்காரப் பெண் எனக்கு முன்பே அங்கே நின்றார். கீழறையில் முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். மேல் தட்டுகள் தப்பியிருந்தன. கீழ்த் தட்டுகளில் இருந்த புத்தகங்கள் தண்ணீரைக் குடித்து ஊதி, ஒன்றோடொன்று இறுகி, வெளியே இழுக்க முடியாமல் நின்றன. சில தண்ணீரில் மிதந்தன. எங்கள் ஆர்மோனியம் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்க்க வந்தவன் நான், ஆனால் அதைப் பார்த்த ஞாபகமே பெரிதாக இல்லை.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். புத்தகங்கள் போனால் போனதுதான் என்று என் மனதில் எங்கோ பதிந்திருந்தது. அதனால் ஆறுதல் சொல்லுகிற குரலில், "எல்லாம் போய்விட்டதே" என்றேன்.

"போகவில்லை. ஈரமாகிவிட்டது, அவ்வளவுதான்," என்றார். "இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் இவ்வளவையும் காயவைக்க முடியாது. உறைய வைத்தால் அப்படியே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். ஆனால் இவ்வளவையும் வைக்க எவ்வளவு பெரிய குளிர்பெட்டி வேண்டும்? எங்கள் வீடுகளில் இருக்கிறதெல்லாம் போதாது."

நான் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். உறைந்த இறைச்சியும் மீனும் ஏற்றுமதியாவதற்கு முன் எங்களிடம்தான் தங்கும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் வாயிலேயே இருந்தது, ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். புத்தகத்தை உறைய வைப்பது என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வெளியே வந்து எங்கள் மேற்பார்வையாளருக்கு அழைப்பெடுத்தேன். சமோவாக்காரர், அதிகம் பேசாத மனிதர். களஞ்சிய முற்றத்தில் உணவுக்குப் பாவிக்காமல் ஒதுக்கிவைத்த பழைய குளிர்க்கொள்கலன் ஒன்று நின்றது. அதைக் கேட்டேன்.

"என்ன வைக்கப் போகிறாய்?"

"புத்தகம்."

"யாருடைய புத்தகம்?"

சொன்னேன். தன் தேவாலயத்துக்குள்ளும் நேற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, "கொண்டு வா. நான் போய் இயக்கிவிடுகிறேன்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது தரிப்பிடம் நிரம்பத் தொடங்கியிருந்தது. பியானோக்காரப் பெண் யார் யாருக்கோ செய்தி அனுப்பியிருக்கிறார். நகரத்தின் நாலு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தவர்களும் அந்தச் சேற்றுக் காலோடு வந்து நின்றார்கள். யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. கீழறையிலிருந்து படிக்கட்டு வழியாகத் தரிப்பிடம் வரை ஒரு வரிசை தானாக உண்டானது. புத்தகங்கள் கைமாறி மேலே வந்தன. மேசைகளில் நின்றவர்கள் ஒவ்வொன்றையும் திறக்காமல், கேக் சுடும் தாளில் சுற்றி, பழப்பெட்டிகளில் நிமிர்த்தி அடுக்கினார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றுகிற மாதிரிச் சுற்றினார்கள். நானும் வரிசையில் நின்றேன்.

மதியமளவில் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவரைக் கண்டதும் சிலர் வேலையை நிறுத்தினார்கள். பியானோக்காரப் பெண் போய் அவர் கையைப் பிடித்தார். பிறகுதான் எனக்கு விளங்கியது, அவர் உக்ரைன்காரி. போர் தொடங்கிய பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு அடுத்த இடத்தில் நின்றவர் மொஸ்கோவிலிருந்து வந்த, பஸ் ஓட்டுகிற ஒரு பெரிய மனிதர். அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்:

"நான் அவரோடு பேச வரவில்லை. என் அம்மா தந்த புத்தகங்கள் இதற்குள் இருக்கின்றன. அதற்காக வந்தேன்."

"நான் இலங்கை," என்றேன். எங்களுக்கும் போர் தெரியும் என்பது அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மொஸ்கோக்காரர் நீட்டிய புத்தகத்தை வாங்கி என்னிடம் தந்தார். பின்னேரம் வரை அப்படித்தான். அவர் நீட்டுவார், இவர் வாங்குவார், ஒரு சொல் இல்லை. இரண்டு பேரும் வரிசையை விட்டுப் போகவும் இல்லை.

அன்று மாலைக்குள் வான்களும் கார்களும் மங்கரேக்கு வந்து சேர்ந்தன. மேற்பார்வையாளர் கொள்கலன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இறைச்சிப் பெட்டிகளை அடுக்கிப் பழகிய என் கைகள் அன்று ஒரு நூலகத்தை அடுக்கின. கதவை மூடும்போது வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்தது. பியானோக்காரப் பெண் அந்தக் கதவில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனார்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சில பெட்டிகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மண்டபம் முழுக்க மின்விசிறிகள் ஓடும். குறுக்கே கட்டிய கயிறுகளில் மெல்லிய புத்தகங்கள் தொங்கும். மேசைகளில் ஆட்கள் இருந்து, பக்கங்களுக்கு இடையில் கைதுடைக்கும் தாளை வைத்து, ஊறியதும் மாற்றுவார்கள். உறைந்த கட்டி மெல்ல இளகி, பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, எழுத்து அப்படியே தெரிகிறதைக் கண்ட முதல் நாள் தாள் மாற்றவே மறந்துபோனேன். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. இருந்தும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்.

என் மனைவியும் வரத் தொடங்கினாள். பிறகு செபக்கூட்டத்தில் பாதிப் பேர் நேரத்தோடு வந்து தாள் மாற்றினார்கள். உக்ரைன்காரப் பெண்ணும் வருவார். மொஸ்கோக்காரர் இருக்கும் மேசைக்குத் தூரமான மேசையில் இருப்பார்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளுக்கான பாட்டுப் புத்தகம் ஒன்று மேசைக்கு வந்தது. மிகப் பழையது. நடுவில் இரண்டு பக்கம் கூழாகியிருந்தன. பியானோக்காரப் பெண் அதை எடுத்துப் பார்த்து, அந்தப் பாட்டின் முதல் வரியைச் சத்தமாகச் சொன்னார். யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார் போலிருக்கிறது.

மொஸ்கோக்காரர் தலையை நிமிர்த்தாமலே அடுத்த வரியைச் சொன்னார். அதற்கு அடுத்ததையும் சொன்னார். பிறகு தயங்கினார். ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் அங்கிருந்து தொடங்கினார். பாட்டுக் குழுக்காரர் சேர்ந்துகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா மேசைகளிலிருந்தும் குரல் வந்தது. கைகள் தாளை மாற்றிக்கொண்டே இருந்தன, வாய்கள் ஒரே தாளத்தில் அசைந்தன. வேறு வேறு நாடுகளில், வேறு வேறு பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே அந்தப் பாட்டு எழுந்து நின்றது. எங்கள் ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓரிடத்தில் மொஸ்கோக்காரரின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அப்போது தூரத்து மேசையிலிருந்து அந்த உக்ரைன்காரப் பெண் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். எல்லாரும் நின்றார்கள். அவர் பிழை திருத்தியிருக்கிறார். மொஸ்கோக்காரர் அவரைப் பார்த்தார், அந்த வரியைத் திருத்திய சொல்லோடு திரும்பச் சொன்னார். அந்தப் பெண் மெல்லத் தலையசைத்தார். கடைசி நாலு வரியை அந்தப் பெண் தனியாகத்தான் சொன்னார், குனிந்த தலையோடு, ஒரு பக்கத்தை விரலால் நீவிக்கொண்டே. அழகான கையெழுத்துள்ள ஒருவர் எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டார். அந்தத் தாள்தான் இப்போது புத்தகத்தின் நடுவில் இருக்கிறது.

அன்று எங்கள் செபம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மனைவி சொன்னாள், "இஞ்சேருங்கோ, அவையள் சொன்ன மாதிரி எங்களாலயும் ஏலுமோ?"

"என்ன பாட்டு?"

"பள்ளிக்கூடத்தில படிச்சது ஏதாவது."

அவளே தொடங்கினாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் "பொறும், பொறும், எனக்குத் தெரியும்" என்று இன்னொரு வரி சொன்னார். பிறகு எல்லாரும் முழித்தோம். அப்போது திருச்சியிலிருந்து வந்த தம்பி, "ஆமா, இத நாங்களும் படிச்சிருக்கோம்," என்று சொல்லி மிச்சத்தை ஒப்புவித்தார். பிள்ளைகள் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, பெரியவர்களுக்கு என்ன பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள். எங்கள் கடைசிப் பிள்ளை மட்டும் கிட்ட வந்து, "சே இட் அகெய்ன்," என்றாள். சொன்னோம்.

நூலகம் வசந்தகாலத்தில் திரும்பத் திறந்தது, இம்முறை மேல்மாடியில். எல்லாப் புத்தகங்களும் பிழைக்கவில்லை. பிழைத்தவை முன்னைவிடத் தடித்து, அலையலையாக, மூடினாலும் முழுதாக மூடாமல் தட்டுகளில் நின்றன. மேற்பார்வையாளரும் மனைவியோடு வந்திருந்தார். பாட்டுக் குழு பாடியதும் பதிலுக்கு அவரும் ஒரு சமோவாப் பாட்டுப் பாடினார்.

எல்லாரும் கேக் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் உள்ளே வந்தார். ஹமில்டன் நகரத்திலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார்கள். அவர் தட்டுகளைச் சுற்றி வந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, பியானோக்காரப் பெண்ணிடம் காட்டி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் கார் எடுக்கப் போனபோது அவர் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் இருந்தார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. புத்தகத்தைத் திறந்து, விரலை வரியின் கீழே வைத்து, உதடு அசைய வாசிக்கத் தொடங்கியிருந்தார். இயந்திரத்தை முடுக்கினால் அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று, நானும் மனைவியும் காரை எடுக்காமல் உள்ளேயே காத்திருந்தோம்.