களத்துக்கு முதுகு காட்டி

அந்த ஸ்டேடியத்தில் நடந்த ஆறு சர்வதேச ஆட்டங்களுக்கும் நான் உள்ளேதான் இருந்தேன். ஒரு கோலைக்கூடப் பார்க்கவில்லை.

கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் மூலம் வளைகுடாவுக்குப் போயிருந்தேன். அந்த நகரத்திலேயே மிகப் பழைய கால்பந்து மைதானம் அது. போட்டிக்காகப் புது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் உள்ளே குதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. களத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தையே பார்த்தபடி நிற்கவேண்டும்.

மரக்காணத்தில் அப்பா உப்பளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆட்டம் உள்ள நாட்களில் சீக்கிரமே வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் போனில் கத்தினார்.

“டேய், ஒன்ன பாத்துட்டன்டா! கோல் போஸ்ட்டு பின்னாடி நின்னுக்கினு இருந்த. ஏம்பா இப்படி எளச்சிட்ட?”

அன்று நான் நின்றது வேறு பக்கம். கேமரா வராத மூலை. “ஆமாம்பா, நான்தான்” என்றேன்.

நான்காவது ஆட்டம் மதியத்தில். வழக்கம்போல் காலையிலேயே வாசலில் எங்கள் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். மாலையில் திரும்பக் கொடுத்தபோது திரை முழுக்க மனைவியின் மிஸ்டு கால்.

“மாமா பாத்தியிலயே சாஞ்சிட்டாருங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடிச்சி.”

“எடுத்துட்டாங்களா?”

“வெயில்ல வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. எவ்ளோ வாட்டி உங்களுக்குப் போன் பண்ணேன்! உங்க சித்தப்பா மவன்தான் கொள்ளி வெச்சாரு.”

சூப்பர்வைசரிடம் ஓடினேன். தமிழ் தெரிந்த கேரளத்துக்காரர். என் தோளைத் தொட்டுவிட்டுச் சொன்னார்: “போட்டி முடியட்டும். இப்ப ஒருத்தரையும் விட முடியாது.”

அறையில் கூட இருந்தவர் ஒருவர் எனக்கு மொட்டை அடித்துவிட்டார். மூன்றாம் நாள், கம்பெனித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஐந்தாவது ஆட்டத்துக்குப் போய் நின்றேன்.

கடைசி நிமிடத்தில் என் முதுகுக்குப் பின்னால் கோல் விழுந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவன் தடுப்புக்கு மேல் பாய்ந்து என்னைக் கட்டிக்கொண்டான். தொப்பி கீழே விழுந்தது. மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் சந்தோஷம். இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் முத்தம் கொடுத்தான்.

ரசிகர்களிடம் கோபப்படக் கூடாது. அவன் கைகளை மெல்ல விலக்கினேன். அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. என் கண்ணிலும்தான். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, இன்னொரு முறை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்துதான் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன்.