ஸ்டாண்டிக்குள் இருந்த பழைய பேனர்

இது நடந்தது. நம்பச் சொல்லிச் சத்தியம் செய்யலாம். ஆனால் காலேஜ் அட்டெண்டன்ஸ் விஷயத்தில் நான் ஏற்கெனவே நிறையச் சத்தியங்களைச் செலவழித்துவிட்டேன். அதனால் நேரங்களை மட்டும் சரியாகச் சொல்கிறேன். கையில் போன் இருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு: மத்தியானம். முழு வெளிச்சம். தலைக்கு மேல் நாற்பது டியூப்லைட்.

என் அக்கா வேலையை விட்டுவிட்டு ஜன்னல் திரைச்சீலை தைக்கும் தொழில் ஆரம்பித்திருந்தாள். முதல் கண்காட்சி. ஒரு ஹோட்டல்காரர் இரண்டரை மணிக்கு ஸ்டாலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பது அறைக்கான ஆர்டர். அது கிடைத்தால் தொழில் நிற்கும். இல்லையென்றால் பழைய ஆபீசுக்கே போய்த் தலையைச் சொறிய வேண்டும்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. ஸ்டாண்டி. அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஸ்பிரிங்கில் சுருண்டிருக்கும் பேனர். மேலே இழுத்துக் கம்பியில் மாட்டினால் ஆள் உயரத்துக்கு நிற்கும். கழற்றினால் சர்ரென்று உள்ளே ஓடிவிடும்.

"போன வாரமே ஆர்டர் குடுத்துட்டேன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். பிரிண்டிங் கடைக்குப் போனது கண்காட்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம்.

பிரிண்டர் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டி கனமா இருக்கணும், அடி அகலமா இருக்கணும். சன்னக்கால் வச்சதை வாங்கினா ஃபேன் காத்துக்கே மல்லாந்துரும். நல்லது வர மூணு நாள் ஆகும்."

"நாளைக்கு வேணும்ணே."

"ஏன் தம்பி, நேத்துதான் பொறந்தியா?"

மூலையில் ஒன்று கிடந்தது. பழையது. கனம், அகலம், எல்லாம் சரி. யாரோ திருப்பிக் கொடுத்தது.

"உள்ள பழைய பிரிண்ட் இருக்கு. அதை உருவணும். ஸ்பிரிங் கழண்டா கையை வெட்டிரும். இன்னிக்கு முடியாது."

"எதுக்கு உருவணும்? அதோட மேல் நுனியில புதுசை ஒட்டிருங்க. பழசு உள்ளேயே கிடக்கட்டும்."

அவர் பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தார். பிறகு ஒட்டிக் கொடுத்தார்.

மறுநாள். ஹாலில் ஜன்னல் கிடையாது. சாப்பாட்டு நேரம், கூட்டம் இல்லை. பக்கத்து ஸ்டால் மெத்தைக்காரர் தன் சரக்கின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல விளம்பரம் இருக்க முடியாது. 2.05-க்கு அக்கா கிளம்பினாள்.

"கேட்டாண்ட நின்னு அவரைக் கூட்டிட்டு வரேன். எதையும் தொடாத. சும்மா நில்லு. அதாவது வருதா பாப்போம்."

2.17.

டக்... டக்... டக்.

தகரத்தைத் தட்டும் சத்தம். யாரோ ஸ்டால் ரிப்பேர் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

பேனர் தொய்ந்திருந்தது. அதில் அச்சடித்திருந்த அக்காவின் படத்துக்குத் தொப்பை விழுந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. ஸ்பிரிங் எப்போதும் கீழேதான் இழுக்கும். தொய்வு வர வழியே இல்லை.

குனிந்து பார்த்தேன். புது பேனர் முடிந்து, பெட்டியின் வாயில் பழைய பிரிண்ட் எட்டிப் பார்த்தது. வரிசையாகச் சின்னச் சின்ன வெளிர் நிறத் துண்டுகள். சாக்பீஸ் போல. எண்ணினேன். பத்து.

உள்ளங்கையால் அமுக்கினேன். உள்ளே போனது. ஆனால் பெட்டி சுட்டது.

2.24.

டக்... டக்... டக்... டக்.

சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

மறுபடி தொப்பை. இந்த முறை சாக்பீஸ் இல்லை. விரல்கள். இரண்டு கைகள், மணிக்கட்டு வரை. மேல்நோக்கி விரித்த கைகள். ஏதோ கருகும் வாசனை.

"சார்..." என்று மெத்தைக்காரரைக் கூப்பிட்டேன். குறட்டைதான் பதில்.

இரண்டு கையாலும் அமுக்கினேன். அது உடனே போகவில்லை. ஒரு நொடி... எதிர்த்தது.

பிறகு போனது.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

2.31.

சத்தம் வேகமானது. டக்டக்டக்டக்.

முழங்கை வந்தது. நடுவில் தலைமுடி.

நெற்றி.

அசையும் படம் இல்லை, பிரிண்ட்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் மேலே வந்துகொண்டிருந்தது.

புருவம்...

அப்போது ஹாலின் வாசலில் அக்கா. கூட ஹோட்டல்காரர்.

நான் காலைத் தூக்கினேன். ஷூவோடு. நெற்றியில் வைத்து, முழு பலத்தோடு மிதித்தேன்.

சர்ர்ர்.

உள்ளே போய்விட்டது. பேனர் விறைத்து நின்றது. நான் காலை எடுக்கவில்லை. பாதத்துக்கு அடியில் தட்டிக்கொண்டே இருந்தது.

"பெட்டி மேல ஏன்டா ஏறி நிக்கற?" அக்கா பல்லைக் கடித்துச் சிரித்தாள்.

"பேலன்ஸுக்கு."

ஹோட்டல்காரர் துணியைத் தொட்டுப் பார்த்தார். கணக்குக் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

டக்... டக்.

டக்...

2.40-க்கு நின்றது.

2.55-க்கு ஆர்டர் கிடைத்தது. அக்கா என்னைக் கட்டிப் பிடித்தாள். அழுதாள். நான் காலை எடுத்தேன். எதுவும் வரவில்லை.

மறுநாள் ஸ்டாண்டியைப் பிரிண்டர் அண்ணனிடம் கொண்டுபோனேன். காரணம் சொல்லவில்லை. "உருவிப் பாருங்கண்ணே" என்றேன். பாதி நாள் உழைத்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய பிரிண்டைத் தரையில் விரித்தார்.

ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். டிராவல்ஸ் விளம்பரம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, எதையோ தாங்குவது போல நின்றிருந்தாள். நெற்றியில் என் ஷூ தடம்.

அண்ணன் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் தேடிப் பழைய ஃபைலைத் திறந்தார்.

அதே பெண். அதே புடவை. கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"இதைத்தான் நான் பிரிண்ட் போட்டேன்" என்றார்.

"இவங்க இப்போ எங்கண்ணே?"

"உயிரோட இல்ல தம்பி. அவங்க டிராவல்ஸ் கடையில மத்தியானம் சாப்பிட ஷட்டரை இறக்கி விட்டிருக்காங்க. உள்ள ஒயர் பத்திக்கிச்சு. ஷட்டர் ஸ்பிரிங் அறுந்து சிக்கிருச்சு. பக்கத்துக் கடைக்காரர் தூங்கிட்டிருந்தாராம். தட்டற சத்தம் கேட்டுச்சாம். யாரோ ரிப்பேர் பண்றாங்கன்னு நெனச்சிட்டாராம்."

தரையில் விரித்த பிரிண்டில் என் ஷூ தடத்தைப் பார்த்தேன்.

"மூணு தடவ கொஞ்சம் மேல தூக்கிருக்காங்க போல. மூணு தடவையும் திரும்பக் கீழ விழுந்திருக்கு."

"மணி என்ன இருக்கும்ணே?"

"ரெண்டே காலுக்கு ஆரம்பிச்சிருக்கும். மூணாவது தடவைக்கப்புறம் பத்து நிமிஷம் தட்டிட்டே இருந்தாங்களாம்."

வாசலுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வீடு வரை நடந்தேன்.