பெல் பொருத்திய பலகை

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, காலை மணி பத்து இருபது. தங்கராஜு, வயது எழுபத்தொன்று, மூன்றாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. பதினோராம் அமர்வு. பங்கேற்பு: பூஜ்யம்.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே யும்னா பேனாவை மூடுவார். சிங்கப்பூர், தோ பாயோவிலுள்ள ஒரு தாதிமை இல்லத்தில், உடல் முடங்கியவர்களை விளையாட்டு, பாட்டு, கைவேலை வழியாக அசைய வைப்பது அவர் பணி. பதினாறு ஆண்டுகளில் ஒரு பூஜ்யத்தைக்கூட அவர் ஒன்றாக்கியதில்லை. "பொய்யா மார்க் போட்டா, நிஜமா கை அசையுற அன்னிக்கு எனக்கே தெரியாம போயிடும்லா" என்பார்.

எந்த விளையாட்டையும் முதலில் தம்மீதே சோதிப்பார். மதிய இடைவேளையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, இடக்கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் கேரம் ஆடுவார். கொண்டுவந்த சோறு டப்பாவிலேயே ஆறிக் கிடக்கும்.

தங்கராஜு முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்தது. அதன்பின் பேச்சையும் விட்டுவிட்டார். பார்க்க வருவோர் எவருமில்லை. ஒருவர் எதிரே அமர்ந்து அவரோடு பேசும் நேரம், வாரத்தில் இந்த அரைமணி மட்டுமே. கொடுத்த பொருளைக் கையால் இயக்கினால் இரண்டு மதிப்பெண். உடல் மட்டும் அசைந்தால் ஒன்று. பன்னிரண்டு அமர்வுகளில் ஒருமுறையாவது இரண்டு வராவிட்டால், அந்த அரைமணி காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவருக்காகவே யும்னா ஜாலான் புசார் கடைகளில் அலைந்து, பேருந்தில் இருப்பது போன்ற சிவப்பு பெல் ஒன்றை வாங்கிப் பலகையில் பொருத்தியிருந்தார். வாரந்தோறும் நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிப் பலகையை நீட்டுவார். "அங்கிள், ஸ்டாப் வந்துடுச்சு. பெல் அடிங்க." தங்கராஜுவின் வலக்கை மடியிலேயே கிடக்கும்.

ஆகஸ்ட் 25, கடைசி அமர்வு. அன்றும் கை அப்படியே கிடந்தது. நீரிழிவில் ஒரு காலை இழந்த, பக்கத்துப் படுக்கை ரவூப் பொறுக்கமாட்டாமல் சிரித்தார்.

"ஏம்மா, நானும் எத்தனை வாரமா பாக்குறேன். டிரைவர் எங்கயாச்சும் பெல் அடிப்பாரா? இறங்குற நாங்கல்ல அடிப்போம்! அவரு பிரேக்தான் போடுவாரு."

நீட்டிய பலகை அப்படியே நின்றது. தம் இடக்கையைக் கட்டி ஆடிப் பார்த்த யும்னாவுக்கு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்கத் தோன்றவே இல்லை. எழுந்து பலகையோடு தங்கராஜுவின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய், பயணியைப் போல நின்று, தாமே பெல்லை அழுத்தினார்.

"பிரேக் போட்டுட்டாரும்மா! காலைப் பாரு, காலை!" என்று கூவினார் ரவூப்.

தங்கராஜுவின் வலப்பாதம் நாற்காலியின் மிதிதட்டில் மெல்ல அழுந்தி, விலகியது. யும்னா மீண்டும் அழுத்தினார். மீண்டும் பாதம் அழுந்தியது. அரைமணி முடியும்வரை அப்படியே நடந்தது. கை மட்டும் மடியைவிட்டு எழவில்லை.

"ரெண்டு போட்டுடும்மா. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் ரவூப்.

பங்கேற்புக் கட்டத்தில் யும்னா ஒன்று என்று எழுதினார். வாய்விட்டுப் படித்தார். பேனாவை மூடவில்லை. கட்டங்களுக்கு வெளியே, தாளின் ஓரத்தில், இன்னொரு வரி சேர்த்தார்: பெல் அடித்தது ஏழு முறை, பிரேக் போட்டது ஏழு முறை.