ஈரக் கையும் கடுகளவு கெப்பாசிட்டரும்

சந்தனச்செல்வி யார் கையிலும் எதையும் நேராகக் கொடுக்கமாட்டாள். டீ டம்ளரோ சில்லறையோ, மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வாள். கர்வம் என்று நினைத்தவர்கள் உண்டு. பல வருஷமாக எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் காரணம் தெரியும். அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். மார்கழியிலும் வேர்க்கும். கோயிலில் வாங்கும் திருநீறு நெற்றிக்குப் போவதற்குள் சேறாகிவிடும். குலசேகரன்பட்டினத்தில் தையல் வேலைக்குப் போனவளை, வெள்ளைத் துணியில் கறை படுகிறதென்று நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகுதான் தூத்துக்குடிக்கு வந்து, செந்தூர்வேல் அண்ணாச்சியின் எலெக்ட்ரானிக் சாமான் கடையில் சேர்ந்தாள். வீட்டில் உட்கார்ந்து ரேடியோ, ரோபோ என்று ஆசைக்குச் செய்து பார்ப்பவர்கள் போனில் ஆர்டர் போடுவார்கள். அவர்கள் கேட்கும் பாகங்களைச் சின்னப் பைகளில் போட்டு, அச்சடித்த லேபிளை ஒட்டுவது மாடியில் இருக்கும் எங்கள் வேலை. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்களில் சில கடுகைவிடச் சின்னவை. அவற்றின் மேல் ஒரு எழுத்தும் இருக்காது. லேபிள் அழிந்தால் எது எதுவென்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அவள் ஒட்டிய லேபிள்கள் அழிந்தன. ஈரம் பட்டு மை இழுகியது. கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே நீர் தேங்கி மணிக்கட்டு வழியாகச் சொட்டியது. கடைசியில் முகப்பவுடரைக் கையில் பூசிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் படம் பிடித்து அனுப்பினார். பை முழுக்க வெள்ளைப் பொடி.

“ஏளா, கெப்பாசிட்டர் கேட்டவனுக்குப் பவுடர் போட்டு அனுப்பியிருக்கியே. ஒரு பொட்டும் வச்சு அனுப்பியிருக்கலாம்லா?” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

“நீ கீழ போயி அட்டைப்பெட்டி கட்டு. அங்கன வேர்த்தா ஒண்ணும் கெட்டுப்போகாது.”

“போறேன் அண்ணாச்சி. என் மேசைய மட்டும் யாருக்கும் குடுத்துராதிய.”

“பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளு போட்டுருவேன்.”

அன்றிலிருந்து மதியம் சாப்பிட்டதும் டிபன் மூடியில் கடுகைக் கொட்டி, ட்வீசர் என்னும் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மறுபக்கம் வைத்தாள். கடுகு உருண்டு ஓடியது. தேடிப் பிடித்து மறுபடியும் எடுத்தாள்.

“என்னளா, தாளிக்கப் போறியா? கொஞ்சம் உளுந்தும் போடு,” என்று எங்களோடு வேலை பார்க்கும் மெட்டில்டா கேலி செய்தாள்.

“கெப்பாசிட்டர் உருளாதுல்லா. உருளுறதப் புடிச்சுட்டா அது லேசு.”

பிறகு லேபிளையும் ட்வீசர் நுனியாலேயே உரித்து, பையின் மேல் வைத்து, மடித்த துணியால் அழுத்தப் பழகினாள். பழைய லேபிள் தாள்களை நான்தான் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாடிக்கு வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். அவள் மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. ட்வீசரைக் கீழே வைத்தாள்.

“நீங்க பாத்தா கூடக்கொஞ்சம் வேர்க்குது. அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க.”

அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மெட்டில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பை முடிந்தது, இன்னொன்று, இன்னும் ஒன்று. “இப்பம் பாருங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் திரும்பினார். லேபிளைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். எழுத்து அப்படியே இருந்தது. பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொடி இல்லை.

“கீழ பெட்டி கட்ட வேற ஆளப் பாக்கணும்,” என்றார்.

எனக்கு எதிரே இருக்கும் அந்தச் சன்னலோர மேசை இன்றும் சந்தனச்செல்வியுடையதுதான். மிகச் சின்னப் பாகங்கள் எல்லாம் அவளிடம்தான் போகின்றன. கை இன்னும் வேர்க்கிறது.