லேசான வேலை

இந்த மலையில் மருந்து டின்னை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். பூச்சிமருந்து தீர்ந்ததும் ஓடையில் இரண்டு தரம் அலசி, குடிதண்ணீர் பிடித்துவைப்பார்கள். கவுஞ்சிக்கு வந்த புதிதில் அந்தத் தண்ணீரை நான் வாயில் வைக்கவில்லை. பிறகு என் அடுப்படியிலும் வெகுகாலம் அப்படி இரண்டு டின் இருந்தன. மனுஷி எதற்குத்தான் பழகமாட்டாள், சொல்லுங்கள்.

அங்கே சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து இந்தக் கொடைக்கானல் மேல்மலையில் ஒண்டிக்கிடப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நுவரெலியாப் பக்கம் நம் லயத்து வீடுகளில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் கங்காணியிடம் சொன்னால் போதும். கொழுந்து மலையிலிருந்து இறக்கி, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் காம்பு பொறுக்க உட்காரவைப்பார்கள். அதை லேசான வேலை என்போம். அதற்குமேல் சலுகை நாம் கண்டதில்லை. ஆனால் கேட்கலாம் என்பதாவது தெரியும். எழுபதுகளின் கடைசியில், மூத்தவன் யோகன் வயிற்றில் இருந்தபோது, அதே பழக்கத்தில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மனைவியிடம் போய் நின்றேன்.

"லேசான வேலையாப் பார்த்துக் குடுங்கம்மா."

"அதுக்கென்னத்தா, புள்ளத்தாச்சிய மம்பட்டி பிடிக்கவா சொல்லுவேன்? நீ குனியவே வேணாம். டிரம்முகிட்ட உக்காந்து மருந்து கலக்கிக் குடு."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கையெடுத்துக் கும்பிட்டேன். பேறுகாலம் வரைக்கும் வெள்ளனே போய் உட்கார்ந்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினேன். குச்சி இருந்தது, ஆனால் கட்டி கரையக் கைதான் தோது. தலை சுற்றும், குமட்டும். மசக்கை என்றார்கள், நானும் நம்பினேன். யாரைக் குறை சொல்ல? கேட்டு வாங்கியவள் நான். ஐயோ, நானே வாயைத் திறந்து கேட்டேனே!

யோகனுக்கு இப்போது எட்டு வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டான். சோற்றுத் தட்டின் முன்னால் மூன்று வாய்க்குமேல் இருக்கமாட்டான். சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டே ஓடுவான். ஜீப் வருகிறதா என்று பார்க்கமாட்டான். பொல்லாதவன் இல்லை. அடித்தால், அடித்த என் கையையே தடவிக்கொடுப்பான். டீச்சர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் வீட்டிலேயே வச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷமாகிவிட்டது. சிலோன்காரி பிள்ளை வளர்த்த லட்சணம் என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.

இப்போது மறுபடியும் எனக்கு ஐந்து மாதம். கொடைக்கானல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, யோகன் அவருடைய மேஜை டிராயரை இழுத்து இழுத்து மூடுவதையே பார்த்துவிட்டு, "இவன் வயித்துல இருக்கப்ப என்ன வேலை பாத்தீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அதனாலதான்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தப் பிள்ளைக்கு ரிஸ்க் எடுக்காதீங்க. மருந்துகிட்டப் போகாதீங்க, வாடைகூட வேணாம். வாயில போடுற பொயலையையும் விட்டுருங்க."

புகையிலையை அன்றே எறிந்தேன். அந்த டின்களையும் எறிந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தோட்டக்காரம்மாவிடம் போய், மண்வெட்டி வேலையே கொடுங்கள் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "ஏத்தா, அஞ்சு மாசக்காரிய மண்ணு வெட்டச் சொன்னா ஊரு என்னையக் காறித் துப்பும். நல்ல வேலை குடுத்தா கசக்குதா? கூலி பத்தலைன்னா நேரா சொல்லு."

"கூலி இல்லம்மா, பிள்ளைக்காக."

"நானும் மூணு பெத்தவதான். இந்த மருந்து வாடையிலதான் பெத்தேன்."

கெட்ட மனசு இல்லை அவருக்கு. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நாங்கள் குடியிருக்கிற வீடு அவர்களுடையது, வேலைக்கு ஆள் போகாமல் இருக்க முடியாது என்பதால் என் இடத்தில் என் வீட்டுக்காரர் டிரம்மிடம் உட்கார்கிறார். அவர் சட்டையைத் துவைப்பது யார்? நான்தான்.

வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் உருளைக்கிழங்கு. மருந்தடிக்கிற நாளில் கதவைச் சாத்தினாலும் வாடை வரும். யோகனை இழுத்துக்கொண்டு தைலமரக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தால், கவர்மெண்ட் காடு என்று ஃபாரஸ்ட் கார்டு விரட்டுகிறார். அங்கே சிலோன் தோட்டத்திலோ எங்கள் பேரை அடித்துவிட்டார்கள். திரும்பிப் போகப் பேப்பர் கிடையாது. ஆகவே மருந்தடிக்கிற நாளில் வாடை அடங்கும்வரை ரோட்டோரம் நிற்கிறேன், ஒரு கையில் திமிறுகிற பையன், மறு கை வயிற்றின்மேல். கொடைக்கானல் பஸ் எங்களைப் பார்த்ததும் நின்றுவிடும். நேற்றும் நின்றது. "எங்கம்மா போகணும்? வெரசா ஏறுங்க" என்றார் கண்டக்டர். யோகன் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். அவனை இழுத்து இறக்கிக்கொண்டு, "எங்கயும் இல்லைங்க, நீங்க போங்க" என்றேன்.