சூடேறினதும் எரிந்த ஒயில் லைட்

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்கு அடுத்த வருடம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வேலை செய்தேன். வெள்ளவத்தையிலிருந்து சிவநேசன் என்று ஒருவர் கார் கொண்டுவந்தார். எஞ்சின் வேறு கராஜில் பிரித்துப் புதிதாகச் செய்தது.

“குளிரா இருக்கேக்க ஒண்டுமில்லை பாஸ். கல்கிசை போய்த் திரும்ப ஒயில் லைட் மினுங்குது. திங்கக்கிழமை தொடக்கம் ஸ்கூல் பிள்ளையள் ஏத்தவேணும். அண்ணிக்கும் பிள்ளையளுக்கும் இனி இந்தக் கார்தான் சோறு.”

“எஞ்சின் எங்கால?”

“அக்சிடன்ட் பட்ட காரின்ர. கூடு வேற காரின்ர.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் கலவரம் பார்த்த வெள்ளவத்தை ஆட்களிடம் யாரும் பழசு கேட்பதில்லை. கேட்டால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் போனதும் முதலாளி வந்தார்.

“தடிச்ச ஒயிலா ஊத்தி அனுப்பு மச்சான். லைட் அணைஞ்சாச் சரி.”

“சீனிப்பாணி ஊத்தினாலும் அணையும் முதலாளி. பொறகு பிள்ளைகளோட நடுறோட்டுல எஞ்சின் இறுகி நிக்கும்.”

“நீ பெரிய டொக்டர்தான். பாரு, பாரு.”

லைட்டை மட்டும் நம்பக்கூடாது. அதன் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் காட்டும் கேஜ் பூட்டினேன். குளிரில் பிரஷர் நன்றாக நின்றது. சூடேற ஏற முள் இறங்கியது. ஐட்லிங்கில் சைபருக்குக் கிட்ட வந்துவிட்டது.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பை இறக்கினேன். ஒயில் பம்ப் புதிது. ஒயில் வடிகட்டி சுத்தம். கிராங்கின் பெயாரிங் எல்லாம் புதிது, இடைவெளியும் அளவோடு இருந்தது. பிரஷர் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றினேன். மறுபடி பூட்டி ஓடவிட்டால் அதே கதை. உள்ளே எங்கேயோ ஒயில் வழிந்து போகிறது. திங்கட்கிழமையும் போய்விட்டது.

கடைசியில் எஞ்சினை இறக்கி கேம் ஷாஃப்டை உருவினேன். அது சுழலும் புஷ்களுக்குள் பூசியிருக்கும் வெள்ளை உலோகத்தைக் காணவில்லை. தேய்ந்து போகவில்லை. உருகி ஓடி, பிளொக்கின் மூலையில் மெழுகுபோல உறைந்து கிடந்தது. கிராங்கைப் புதிதாகச் செய்தவர்கள் கேமைத் தொடவில்லை.

சிவநேசன் வந்ததும் ஒரு புஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன்.

“இது நெருப்புப் பட்ட எஞ்சின், என்ன?”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஓம் பாஸ்.”

“நிப்பாட்டி வச்சிருந்த காரையா கொளுத்தினாங்க?”

“இல்லை. அண்ணன் காரை ஓடிக்கொண்டு வந்தவர்.”

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

லேத்தில் புது புஷ் கடைவித்துப் போட்டேன். சூட்டிலும் முள் அசையாமல் நின்றது.

“இது வெந்த பிளொக். கனகாலம் நம்பாதீங்க. வேற எஞ்சின் பாருங்க,” என்றேன்.

“அண்ணியிட்ட எத்தினை தரம் சொல்லியாச்சு பாஸ். அண்ணன்ர எண்டு கிடைச்சது இது ஒண்டுதானாம்.”

ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் ஹயரை அதற்குள் வேறொரு வேன்காரன் எடுத்துவிட்டான். சிவநேசன் விடிய எழும்பி மீன் சந்தைக்கு மீன்காரரை ஏற்றத் தொடங்கினார். கார் முழுக்க மீன் வாடை.

இப்போது வேலை பழகுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பம்பும் கிராங்கும் சரியாக இருந்து, சூட்டில் பிரஷர் விழுந்தால் கேம் புஷ்ஷைப் பாருங்கள். அதற்கு முன், எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று வாய் திறந்து கேளுங்கள். மனம் வராது. கேட்கத்தான் வேண்டும்.