வேட்டிக்குள் புகுந்த வெளிச்சம்

அறிவுமதிக்குப் பொறுமை என்பது செஞ்சி பஜாரில் எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு. அப்படிப்பட்டவள் முனைவர் பட்ட ஆய்வுக்காக மூன்று வருடமாக ஒரே வேலையைச் செய்தாள் என்றால் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். பிளாஸ்டிக் கரைசலில் நானோ துகள்களைக் கலந்து, கண்ணாடிச் சில்லின் மேல் ஊற்றிச் சுழற்றி, வெங்காயத் தோலைவிட மெல்லிய படலமாக்குவாள். வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் ஓட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, தெரியாத புறஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் ஓட வேண்டும். நாற்பது படலங்கள் அகச்சிவப்புக்கு அசைந்து கொடுக்கவில்லை. நாற்பத்தொன்றும் குருடு என்றால் வேறு தலைப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டார் வழிகாட்டி வித்யாஸ்ரீ மேடம். மூன்று வருடமும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும்.

ஆய்வகத்தில் சோதனைக் கருவி அவள் முறைக்கு வரப் பத்து நாள் இருந்தது. பத்து நாள் காத்திருந்தால் அது அறிவுமதியா? மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது நாற்பத்தொன்றாவது படலத்தை டப்பாவில் போட்டு மடியில் வைத்தே கொண்டுவந்தாள். மறுநாள் காலை மொட்டை மாடியில் மீட்டரோடு இணைத்தாள். வெயிலில் எண் எகிறியது. மூடினால் சுழிக்கு இறங்க வேண்டும். கொடியில் தம்பி இனியனின் கறுப்பு வேட்டி காய்ந்தது. அவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவனை வாடா போடா என்றால் அம்மா சும்மா விடமாட்டாள்.

"சாமி, வேட்டிய எடுத்துக்கறேன்."

"எடுத்துக்க மாளிகைப்புறம்," என்றான் அவன், விரதக்காரர்கள் பெண்களைக் கூப்பிடுகிற முறைப்படி. "கீழ மட்டும் போட்டுடாத."

நாலாக மடித்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். கும்மிருட்டு. படலத்தை மூடினாள். எண் குறைந்ததே தவிர, சுழிக்கு வரவில்லை. இருட்டிலும் மின்சாரம் ஒழுகுகிறது என்று மேடத்துக்குப் போன் செய்தாள். அப்படியானால் தூக்கிப் போட்டுவிடு என்றார் அவர். அறிவுமதி தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து, துடைக்கத் துடைக்க அழுதாள்.

அப்போது சூரியனை ஒரு மேகம் மறைத்தது. வேட்டி மூடியபடியே இருந்த படலத்தில் எண் சரிந்தது. மேகம் விலகியதும் ஏறியது. ஒழுகுகிற படலத்துக்கு மேகம் வந்தது எப்படித் தெரியும்?

அடுத்த நிமிடம் அவள் படிக்கட்டுக்குக் கீழே இருட்டறையில் இருந்தாள். இனியனின் கைபேசி டார்ச்சையும் பழைய குண்டு பல்பையும், திறந்த படலத்தில் ஒரே எண் வரும் தூரத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தாள். வேட்டியால் மூடினால் டார்ச்சுக்குச் சுழி. அதில் அகச்சிவப்பு இல்லை. குண்டு பல்புக்கு எண் நின்றது. அதில் ஏராளம் உண்டு. கறுப்புச் சாயம் அவள் கண்ணைத்தான் ஏமாற்றியிருந்தது. அகச்சிவப்பு துணிக்குள் நுழைந்து போயிருக்கிறது, படலம் அதைப் பார்த்திருக்கிறது.

மறுபடி மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த வேட்டியையும் கொண்டு வாம்மா," என்றார் மேடம். "அது எதை விடுது, எதை நிறுத்துதுன்னு அளந்துடலாம். தலைப்ப மாத்த வேணாம்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த இனியனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாளிகைப்புறமெல்லாம் மறந்துபோயிற்று.

"இன்னாக்கா சொல்ற? இருபது நாளா இதத்தான் கட்டிக்கினு பஜாரெல்லாம் சுத்தறேன். வேட்டிக்குள்ள இருக்கறதுலாம் அந்தக் கண்ணாடிக்குத் தெரியுமா?"

அறிவுமதி சிரித்தாள், அழுதாள். எது எதுவென்று அவளுக்கே புரியவில்லை.

"தெரியுது சாமி," என்றாள். "இதுக்குத் தெரியுது."